பாலை எது? 'கேடிலாக் டெசர்ட்' நூலைப் புதுச்சேரியில் உட்கார்ந்து படித்தபோது

ரொம்ப நாளா வரைவிலேயே கிடந்த குறிப்பு இது. போன கத்திரி வெயிலில், மார்க் ரைஸ்னர் எழுதிய 'கேடிலாக் டெசர்ட்' புத்தகத்தை மூன்றாவது முறையாகப் படித்து முடித்தேன். 1986ல் வந்த புத்தகம். அமெரிக்காவின் மேற்குப் பகுதி, மழையே இல்லாத நிலத்தில் நகரங்களையும் வயல்களையும் எப்படி உண்டாக்கியது, அதற்கு என்ன விலை கொடுத்தது என்ற கதை.

முதல் முறை படித்தது 2010ல். அப்போது அரிசோனாவில் சாண்ட்லர் என்ற ஊரில் ஆன்சைட்டில் இருந்தேன். ஃபீனிக்ஸை ஒட்டிய ஊர். குடியிருப்பு வாசலில் பச்சைப் புல்வெளி, நடுவில் செயற்கை ஏரி, அதில் வாத்து. கார் கதவைத் தொட்டால் கை சுடும் வெயில். இந்த ஏரித் தண்ணீர் எங்கேர்ந்து வருதுன்னு ஆபீஸில் கேட்டபோது ஒருத்தர் இந்தப் புத்தகத்தைக் கொடுத்தார். கொலராடோ ஆற்றிலிருந்து சுமார் 540 கிலோமீட்டர் கால்வாய் வெட்டி, வழியில் பம்பு வைத்து மேட்டுக்கு ஏற்றிக் கொண்டுவருகிறார்கள் என்று அதில்தான் தெரிந்துகொண்டேன். இரண்டாவது முறை 2019ல், சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போன கோடையில்.

அந்த இரண்டு தடவையும் பிரமிப்பு மட்டும்தான். மூன்றாவது தடவை சண்டை போட்டுக்கொண்டே படித்தேன். அந்தச் சண்டையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புத்தகத்தின் பலம்

முதலில் நியாயமாக நல்லதைச் சொல்லிவிட வேண்டும். தண்ணீரைப் பற்றி இவ்வளவு விறுவிறுப்பாக ஒருத்தர் எழுத முடியும் என்பதே ஆச்சரியம். முல்ஹாலண்ட் என்ற பொறியாளர் ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் ஆற்றை 1913ல் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கொண்டுவந்த கதை, அவர் கட்டிய செயின்ட் பிரான்சிஸ் அணை 1928ல் உடைந்து 400 பேருக்கு மேல் செத்த கதை, 1976ல் டீட்டன் அணை நிரம்பும்போதே உடைந்த கதை... ஒவ்வொன்றும் துப்பறியும் நாவல் மாதிரி போகும். ஒரே ஆற்றில் யார் முதலில் அணை கட்டுவது என்று இரண்டு அரசுத் துறைகள் அடித்துக்கொள்வதைப் படித்தால், எந்த நாட்டு ஆபீஸும் ஒரே மாதிரிதான்னு ஆறுதல் வரும்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர் கணக்கைத் தோண்டும் விதம். கொலராடோ ஆற்றை ஏழு மாநிலங்கள் பங்கு போட்ட 1922 ஒப்பந்தம், வழக்கத்தைவிட மழை அதிகம் பெய்த சில வருஷங்களின் நீர்வரத்தை வைத்துப் போடப்பட்டது. அதாவது ஆற்றில் எப்போதும் இல்லாத தண்ணீரைத் தாளில் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். மென்பொருள் எழுதுகிறவனுக்கு இது பழக்கமான தப்பு. சோதனைக்கு எடுத்த தரவு தவறு, அதன்மேல் கட்டினது எல்லாம் சரி. எண்பது வருஷம் கழித்து சிஸ்டம் படுக்கும்.

எங்கே இடிக்கிறது

ரைஸ்னரின் கதைக்கு ஒரு வில்லன் வேண்டும். அணை ஒரு நல்ல வில்லன். பெரிசு, கண்ணுக்குத் தெரியும், திறப்புவிழா உண்டு, கல்வெட்டு உண்டு, பின்னால் ஒரு பிடிவாதமான அதிகாரி இருப்பார். ஆனால் நிலத்தடி நீர் என்று வரும்போது புத்தகத்தின் வேகம் குறைந்துவிடும். ஒகல்லாலா என்ற பெரிய நிலத்தடி நீர்ப்படுகை வற்றுவது கடைசிப் பகுதியில்தான் வருகிறது. அங்கே முல்ஹாலண்ட் மாதிரி ஒருத்தரும் இல்லை. ஆயிரக்கணக்கான விவசாயிகள், ஆளுக்கொரு பம்பு. இதை வைத்துத் துப்பறியும் நாவல் எழுத முடியாது. குற்றவாளிகள் அத்தனை பேரும் நல்லவர்கள்.

நம்மூர் கதை முழுக்க அந்தக் கடைசி அத்தியாயம்தான். புதுச்சேரி வட்டாரத்தில் 84 ஏரிகள் என்று கணக்கு. ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் பெரிசு. ஊசுட்டேரி இரண்டு மாநில எல்லையில் சுமார் 800 ஹெக்டேர். பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணை சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வரும். இவ்வளவு இருந்தும் வயலுக்கும் சரி, வீட்டுக்கும் சரி, நாம் நம்புவது ஆழ்துளைக் கிணற்றை. மேலே வண்டல், அதன்கீழ் கடலூர் மணற்கல், அதற்கும் கீழே இன்னும் பழைய வானூர் மணற்கல் என்று அடுக்கடுக்காக இறங்கிக்கொண்டே போகிறோம். கடலோரத்தில் நன்னீர் குறையக் குறைய உப்புநீர் உள்ளே வருது. இதற்கு ஒரு அதிகாரியைப் பிடித்துக் கேள்வி கேட்க முடியாது. என் வீட்டுக்கும் போர் இருக்கு.

அதனால்தான் 2019க்குப் பிறகு நண்பர்கள் வட்டத்தில் இந்தப் புத்தகத்தைப் பயன்படுத்திய விதம் எனக்கு ஒப்பவில்லை. 'பாலைவனத்துல கொண்டுபோய் ஊரைக் கட்டினா இப்படித்தான்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். ரைஸ்னரே அதற்கு இடம் கொடுக்கிறார். மழை இல்லாத இடத்தில் நகரம் கட்டியதுதான் மூலத் தவறு என்பது புத்தகம் முழுக்க ஓடும் எண்ணம். அப்படியானால் மழை பெய்யும் ஊர் தப்பித்துவிடுமா?

ஒரு சின்னக் கணக்கு. ஃபீனிக்ஸின் ஒரு வருஷ மழை சுமார் 18 செ.மீ. ஃபெஞ்சல் புயலில், 2024 நவம்பர் 30 தொடங்கி டிசம்பர் 1 காலைக்குள், புதுச்சேரியில் பெய்தது சுமார் 48 செ.மீ. ஃபீனிக்ஸுக்கு இரண்டரை வருஷத்துக்குக் கிடைப்பது நமக்கு ஒரே நாளில் கிடைத்தது. முழங்கால் தண்ணீரில் நின்றோம், மோட்டார் வைத்து வெளியே இறைத்தோம், அது கடலுக்குப் போனது. அடுத்த மே மாதம் எங்கள் தெருவில் டேங்கர் லாரி நின்றது.

பாலை என்பது இடமா?

இங்கேதான் நம் பழைய இலக்கணம் ரைஸ்னரைவிடக் கூர்மையாக இருக்கிறது என்று நினைக்கிறேன். ஐந்து திணையில் பாலைக்குத் தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் காய்ந்து தன் இயல்பு திரிந்தால் அது பாலை. இதைச் சிலப்பதிகாரம் சொல்லும். பாலை என்பது ஒரு நிலத்துக்கு வரும் நிலைமை. காடும் ஆகலாம், மலையும் ஆகலாம். அந்தத் தர்க்கத்தை நீட்டினால் மருதமும் நெய்தலும் ஆகலாம். பாகூர் மருதம், வீராம்பட்டினம் நெய்தல். இரண்டுக்கும் நடுவில்தான் நாங்கள் போர் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இப்படிப் பார்த்தால் கேள்வியே மாறுகிறது. ஊர் எங்கே இருக்கு என்பதைவிட, ஊர் தன் தண்ணீரை எண்ணுதா இல்லையா என்பது முக்கியமாகிறது. இந்தச் சோதனையில் பாலைவன ஊர்கள் நம்மைவிட நன்றாகவே தேறியிருக்கின்றன. ரைஸ்னர் எதிர்பார்த்த அளவுக்கு அவை இடிந்து விழவில்லை. லாஸ் வேகாஸில் வீட்டுக்குள் செலவாகும் தண்ணீரைச் சுத்திகரித்து மீட் ஏரிக்கே திருப்பி விடுகிறார்கள். 2002க்குப் பிறகு பல லட்சம் பேர் கூடியும் ஆற்றிலிருந்து எடுக்கும் நிகர அளவு குறைந்தது. யாரும் கால் வைக்காத அலங்காரப் புல்லை அகற்றச் சொல்லி 2021ல் நெவாடா மாநிலம் சட்டமே போட்டது.

அரிசோனாவில் 1980லிருந்து ஒரு விதி இருக்கு. ஃபீனிக்ஸ் போன்ற பகுதிகளில் புது மனைப்பிரிவு போட வேண்டுமானால் நூறு வருஷத்துக்குத் தண்ணீர் உண்டு என்று காட்ட வேண்டும். 2023 ஜூனில் அரசு ஒரு கணிப்பை வெளியிட்டது. நூறு வருஷக் கணக்கில் நிலத்தடி நீர் 4 சதவீதம் பற்றவில்லை. உடனே, நிலத்தடி நீரை மட்டும் நம்பிய புது மனைப்பிரிவுகளுக்கு ஒப்புதல் நிறுத்தப்பட்டது. நூறு வருஷத்தில் 4 சதவீதம்!

நான் மூலக்குளம் பக்கம் மனை வாங்கியபோது விளம்பர நோட்டீஸில் 'நாற்பது அடியில் சுவையான குடிநீர்' என்று போட்டிருந்தார்கள். எத்தனை வருஷத்துக்கு என்று நான் கேட்கவில்லை. பத்திரத்தில் வில்லங்கம் பார்த்தேன், சாலை அகலம் பார்த்தேன், வாஸ்துகூடப் பார்த்தார்கள் வீட்டில். தண்ணீரைப் பார்க்கவில்லை. புதுச்சேரியில் 2002லேயே நிலத்தடி நீர்க் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் ஊரில் இருந்தது, என் தலையில் இல்லை.

புத்தகத்தில் இல்லாத வெயில்

இரண்டாவது குறை இன்னும் பெரிசு. இவ்வளவு பெரிய புத்தகத்தில் வெயிலுக்கு ஒரு அத்தியாயம் கிடையாது. தண்ணீர் வந்தால் நகரம் பிழைக்கும், வராவிட்டால் சாகும் என்ற ஒரே அளவுகோல்தான். 2023 கோடையில் அந்த அளவுகோல் உடைந்தது. ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் வெப்பநிலை 43 டிகிரியைத் தாண்டியது. அந்த வருஷம் மேரிகோபா கவுண்டியில் வெயில் தொடர்பான சாவுகள் 645. குழாய் வற்றியதால் வந்த சாவுகள் அல்ல இவை. வீடில்லாமல் தெருவில் படுத்தவர்கள் நிறைய. வீட்டுக்குள் செத்தவர்களில் பலர் வீட்டில் ஏசி ஓடவில்லை. கால்வாய் வேலை செய்தது, ஆள் செத்தார்.

நம் வெயில் வேறு மாதிரி. சாண்ட்லரில் 45 டிகிரியிலும் சட்டை நனையாது, வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். இங்கே 37லேயே ஊற்றும். காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? மண்பானை மாதிரிதான் நாமும். வறண்ட காற்றில் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும், புழுக்கத்தில் பானை வேலை செய்யாது. ஈரத் துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். அது 35ஐத் தொட்டால் நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்று 2010ல் ஒரு ஆய்வு சொன்னது. பின்னர் பென்சில்வேனியாவில் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்துச் சோதித்தபோது, புழுக்கமான சூழலில் சுமார் 31லேயே உடம்பு தடுமாற ஆரம்பித்தது. கடலோர ஊருக்கு 31 ரொம்ப தூரத்து எண் இல்லை.

இதில் தண்ணீரின் பங்கு குடிப்பதோடு முடியவில்லை. பழைய தமிழர் தெரு வீடுகளில் முற்றம், தாழ்வாரம், கனமான மெட்ராஸ் டெரஸ் கூரை. ஏரியும் தோப்பும் ஊரைச் சுற்றி. இப்போது வேல்ராம்பட்டு ஏரி, கனகன் ஏரி இரண்டையும் சுற்றி வீடு. என் வீடும் கான்கிரீட் பெட்டிதான். சாயங்காலம் மொட்டை மாடியில் தண்ணீர் ஊற்றிச் சூட்டைத் தணிக்கிறோம். அதுவும் போர் தண்ணீர். வெயில் ஏறினால் தண்ணீர் அதிகம் வேண்டும். நிலத்தடி நீர்மட்டம் கீழே கிடப்பதும் அதே மே மாதத்தில். வெயிலும் தண்ணீரும் ஒரே பிரச்சினையின் இரண்டு கை. ரைஸ்னர் ஒரு கையை மட்டும் பார்த்தார்.

ஆயி மண்டபமும் முல்ஹாலண்ட் நீரூற்றும்

லாஸ் ஏஞ்சல்ஸில் முல்ஹாலண்ட் பெயரில் 1940ல் ஒரு நினைவு நீரூற்று கட்டினார்கள். நமக்கும் தண்ணீருக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கு. பாரதி பூங்கா நடுவில் நிற்கும் ஆயி மண்டபம். அரசு முத்திரையிலேயே அதுதான்.

கதை எல்லாருக்கும் தெரியும். மன்னர் கிருஷ்ணதேவராயர் இந்தப் பக்கம் வந்தபோது, விளக்கொளியில் தெரிந்த ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டார். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொன்னார். ஆயி தானே வீட்டை இடித்துவிட்டு, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள். பின்னால், மூன்றாம் நெப்போலியன் காலத்தில், பிரெஞ்சுப் பொறியாளர் லாமைரெஸ் அந்த முத்திரப்பாளையத்துத் தண்ணீரை நகரத்துக்குக் கொண்டுவந்தார். அதன் நினைவாக மண்டபம். (இந்த லாமைரெஸ் சுவாரஸ்யமான ஆள். தென்னிந்திய நாட்டார் பாடல்களை 1867ல் பிரெஞ்சில் தொகுத்தவர், பிறகு காமசூத்திரத்தையும் மொழிபெயர்த்தார். தனிப் பதிவு எழுத வேண்டும்.)

லாஸ் ஏஞ்சல்ஸ் பொறியாளரைக் கும்பிட்டது, நாம் குளம் வெட்டியவளைக் கும்பிட்டோம். எனக்கு நம் கதைதான் பிடிக்கும். ஆனால் இரண்டு சின்னத்திலும் ஒரு ஆள் இல்லை. தண்ணீர் எங்கிருந்து எடுக்கப்பட்டதோ அந்த ஊர்க்காரர். ஓவன்ஸ் ஏரி வற்றி, அதன் படுகையிலிருந்து கிளம்பும் புழுதியை அடக்க லாஸ் ஏஞ்சல்ஸ் இதுவரை நூறு கோடி டாலருக்கு மேல் செலவழித்திருக்கிறது. முத்திரப்பாளையம் அவ்வளவு மோசமாகவில்லை. இன்றும் அங்கே பொதுப்பணித் துறையின் நீரேற்று நிலையம் இயங்குகிறது. ஆனால் நகரத்தின் தாகம் முத்திரப்பாளையத்தைத் தாண்டிப் போயாச்சு.

மாமா சொன்னது

பிரெஞ்சு வளர்ச்சி முகமையின் கடனுதவியோடு நகரக் குடிநீருக்கு ஒரு பெரிய திட்டம் வந்தது. கடலோர நகரத்துக் கிணறுகள் உப்பாகிவிட்டதால், உள்ளே கிராமங்களில் ஆழ்துளைக் கிணறு போட்டுக் குழாயில் கொண்டுவருவது இதன் ஒரு பகுதி. பாகூர் பக்கத்து விவசாயிகள் எதிர்த்தார்கள். என் அம்மாவின் ஊர் அந்தப் பக்கம்தான். பெரிய மாமா போனில் கேட்டார்: "ஏன்டா மாப்ள, உங்க ஊரு தண்ணிய உப்பாக்கிட்டீங்க. இப்ப எங்க தண்ணியக் கேக்குறீங்க. இதுவும் உப்பானா யாருகிட்ட போவீங்க?"

பதில் சொல்ல முடியவில்லை. ரைஸ்னர் இருந்திருந்தால் மாமாவை ஓவன்ஸ் பள்ளத்தாக்கு விவசாயி ஆக்கி ஒரு அத்தியாயம் எழுதியிருப்பார், நானும் கண்கலங்கப் படித்திருப்பேன். ஆனால் மாமாவை எனக்குத் தெரியும். தாத்தா கமலையில் இறைத்த கிணறு இப்போது குப்பைக்குழி. மாமா போரை மூன்று தடவை ஆழப்படுத்தியிருக்கிறார். கரும்பும் நெல்லும்தான் போடுவார். பங்காரு வாய்க்கால் தூர்வாரும் கூட்டத்துக்கு அவர் போய்ப் பல வருஷம் ஆச்சு. பிரெஞ்சுக் காலத்திலிருந்து ஏரிப் பராமரிப்பைப் பார்த்த விவசாயிகள் சங்கம் பற்றிக் கேட்டால், 'அதெல்லாம் எங்கப்பா காலம்' என்பார். நகரத்துக்காரனும் கிராமத்துக்காரனும் ஒரே பானையில் இரண்டு குழாய் வைத்து உறிஞ்சுகிறோம். யார் முதலில் நிறுத்துவது என்று சண்டை.

இதை மாமாவிடமே சொன்னேன். கோபிக்கவில்லை. "சரிடா. நான் எவ்ளோ எடுக்கறேன்னு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா, நீ எவ்ளோ எடுக்கறேன்னு?" என்றார்.

தெரியாது. எங்கள் தொழிலில், பதிவேடு இல்லாத சிஸ்டத்தில் பிழை தேடாதே என்று புதுசா சேரும் பசங்களுக்குச் சொல்லிக் கொடுப்பேன். என் வீட்டு போருக்குப் பதிவேடு இல்லை. டிடிஎஸ் பேனா ஒன்று வாங்கி வைத்து ஒவ்வொரு கோடையிலும் உப்பை மட்டும் அளந்தேன். எண் ஏறிக்கொண்டே போகுது என்று புலம்பினேன். எவ்வளவு எடுக்கிறேன் என்று அளந்ததே இல்லை. நோயாளியின் காய்ச்சலைக் குறித்து வைத்துவிட்டு, அவருக்கு என்ன கொடுக்கிறோம் என்று குறிக்காத மாதிரி.

அந்த வாரமே பிளம்பரைக் கூப்பிட்டு மோட்டார் குழாயில் ஒரு மீட்டர் மாட்டச் சொன்னேன். "போருக்கு எதுக்கு சார் மீட்டர், பில்லா வரப்போகுது?" என்று சிரித்தார். மாமாவும் ஒன்று மாட்டச் சம்மதித்திருக்கிறார், நான் வாங்கிக் கொடுத்தால். இரண்டு மீட்டரால் ஊர் நீர்மட்டம் ஏறாது, அது எனக்கும் தெரியும். அடுத்த தடவை போனில் சண்டை போடும்போது இரண்டு பேர் கையிலும் ஒரு எண் இருக்கும், அவ்வளவுதான்.

'கேடிலாக் டெசர்ட்' கட்டாயம் படிக்க வேண்டிய புத்தகம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆங்கிலத்தில் சுலபமாகக் கிடைக்கும். 1993ல் வந்த திருத்திய பதிப்பைப் பாருங்கள். ஆனால் ஆரம்பிக்கும் முன்னாடி, உங்க வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் எந்த ஊரிலிருந்து வருதுன்னு முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். தெரியவில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். என் பிரதியில் அது காலியாகத்தான் இருந்தது. இப்போது 'முத்திரப்பாளையம்?' என்றும், அதன்கீழ் 'பாகூர்?' என்றும் எழுதியிருக்கேன். இரண்டு கேள்விக்குறியையும் அழித்த பிறகு அடுத்த பதிவு.